பாசியா, புல்லா? கழிமுகத்து நீரடித் தாவரங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

உப்பனாற்றில் பச்சைப் பாய் விரித்தாற்போல் மிதக்கும் பொருள் எது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "அது பாசி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி யாருக்கும் நிறைவளிக்கவில்லை என்பது பின்னர் வந்த கடிதங்களிலிருந்து தெரிந்தது. ஆகவே இந்த இதழில் இந்தப் பகுதி முழுவதையும் கடலூர், புதுச்சேரிக் கழிமுகங்களின் நீருக்கடியில் வளரும் தாவரங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, மளிகைக் கடையில் விற்கும் வெள்ளை இழையும் பாசி, மீன்தொட்டியில் வளர்ப்பதும் பாசி என்றால், பாசி என்பதற்கு என்னதான் பொருள்? தாங்களும் அதே சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொண்டீர்களே! (கடலூர் முதுநகர் வாசகர்)

கடிந்துகொண்டது நியாயமே. பசுமையிலிருந்து பிறந்த சொல் என்பதால், பயறு முதல் நீரில் பச்சையாகத் தெரியும் எல்லாவற்றுக்கும் தமிழர் அதைத் தாராளமாக வழங்கிவிட்டனர். பேச்சுவழக்கில் அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கழிமுகத்தில் எது ஏன் வளர்கிறது என்று அறிய விரும்புகிறவர் அங்கே 'பாசி' என்ற ஒரே பெயரில் கிடப்பவற்றைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

உண்மையான பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. அது தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்தே உணவுப்பொருளை உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் இருக்கும் சிறு பற்றுறுப்பு கல்லையோ ஆளி ஓட்டையோ பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும். துறைமுகச் சுவரிலும், நெடுநாள் கரையோரம் நின்றுவிட்ட படகின் அடிப்பகுதியிலும், பாலத்தூண்களிலும் பச்சை நாடாவாகவோ குழாயாகவோ தொங்குவது உல்வா என்ற பேரினத்தைச் சேர்ந்த பாசி. சிக்கெடுத்த தலைமுடியைப்போல் கையில் சுற்றிக்கொள்வது கீட்டோமார்ஃபா. செம்பழுப்பாகக் கிளைவிட்டிருப்பது பெரும்பாலும் கிராசிலேரியாவாக இருக்கும்.

கடற்புல் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. அதற்கு வேர் உண்டு, சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு உண்டு, பூவும் காயும் விதையும் உண்டு. நிலத்தில் தோன்றிய பூக்கும் தாவரங்களில் சில, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் நீருக்குள் இறங்கியதன் வழிவந்தவை இவை. பெயரில் புல் இருந்தாலும் அறுகம்புல்லின் உறவு அல்ல. ஏரியில் நாம் வேலம்பாசி என்று அழைக்கும் ஹைட்ரில்லாவும், உப்பங்கழியின் ஹாலோஃபைலா என்ற கடற்புல்லும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை; அந்த வேலம்பாசியும் பெயரில்தான் பாசி, உண்மையில் வேரூன்றிப் பூக்கும் செடி. உலகில் ஏறத்தாழ 70 கடற்புல் இனங்களும், இந்தியாவில் அவற்றுள் ஏறத்தாழ 15 இனங்களும் உள்ளன. அவற்றின் செழிப்பான படுகைகள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. நம் பக்கத்துக் கழிமுகங்கள் அவ்வளவு வளமானவை அல்ல என்றாலும், சேற்றையும் மாறும் உப்பையும் தாங்கக்கூடிய சில இனங்களுக்கு ஏற்றவை. ஹாலோஃபைலா ஓவாலிஸின் இலை காம்புடன் கூடிய முட்டை வடிவத்தில் இருக்கும். ஹாலோஃபைலா பெக்காரியின் இலைகள் ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ளவை. குட்டையான தண்டின் நுனியில் கொத்தாக விரிந்து, கடல்நீர் இறங்கும் வற்றத்தில் வெளிப்படும் சேற்றின்மேல் யாரோ தூவிவிட்ட கீரை விதை முளைத்தாற்போல் தோன்றும். அழிவுக்கு ஆட்படக்கூடிய இனமாக அது உலக அளவில் பட்டியலிடப்பட்டிருக்கிறது என்பதை அறியாமல் அதன்மேல் நடந்துபோகிறவர்களே அதிகம். மெல்லிய நாடாபோல் நீள்வது ஹாலோடூல். நூல்போல் நீள்வது ரூப்பியா.

ஐயம் வந்தால் ஒரே சோதனை போதும். அடிப்பகுதியை விரலால் தோண்டி மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கல்லோடோ சிப்பியோடோ வந்தால் பாசி. கணுக்கணுவாக வெள்ளைத் தண்டும் வேரும் சேற்றோடு வந்தால் புல். சென்ற இதழில் கேட்கப்பட்ட பச்சைப் பாய் குழாய் வடிவ உல்வா. பகலில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜன் அந்தக் குழாய்களுக்குள் குமிழாகத் தங்க, பாய் முழுவதும் தரையைவிட்டுக் கிளம்பி மேலே வந்து மிதக்கிறது.

தென்பெண்ணை கடலில் சேரும் இடத்துக்கு அருகே கோடையில் கண்ட நீரடிச் செடிகள் தை மாதத்தில் ஒன்றுகூட இல்லை. மறு ஆண்டு மீண்டும் வந்தன. யாரும் நடவில்லையே, எங்கிருந்து வந்தன? (தாழங்குடா வாசகர்)

ஆற்று மீனுக்கும் கடல் மீனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவருக்கு இதன் விடை பாதி தெரிந்தே இருக்கும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறு பெருகும்போது, கழிமுகத்தின் மேல்நீர் ஏறத்தாழ நன்னீராகவே ஆகிவிடும். உப்புநீர் கனமானது என்பதால் அது ஆப்பு வடிவில் அடியில் தங்க, இலேசான ஆற்றுநீர் அதன்மேல் வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஆகையால் மேல்நீரைக் கையில் அள்ளிச் சுவைத்துவிட்டு 'உப்பே இல்லை' என்று முடிவுகட்டுகிறவர், தரையில் வேரூன்றியிருக்கும் செடி எந்த நீரில் நிற்கிறது என்பதை அறிந்தவராகமாட்டார். வெள்ளம் மிகுந்தால் அந்த ஆப்பும் கடலுக்குத் தள்ளப்பட்டுவிடும். கோடையிலோ நிலைமை தலைகீழ். ஆற்றில் ஓட்டம் நின்று, முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ள, தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகிக் கடலைவிடக் கூடுதலாக உப்பேறுவதும் உண்டு.

ஓர் ஆண்டுக்குள் இத்தனை மாற்றத்தையும் தாங்கும் செடிகள் சிலவே. அவற்றுள் ரூப்பியா கெட்டிக்காரச் செடி: நன்னீரை ஒத்த நீரிலும், உப்பளத்து வாய்க்காலிலும் அது வளரும். ஹாலோஃபைலா பெக்காரி வேறொரு வழியைக் கையாள்கிறது. செடி அழிந்தாலும் அதன் விதைகள் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, உப்பும் ஒளியும் ஒத்துவரும்போது முளைக்கின்றன. நீங்கள் மறு ஆண்டு கண்டவை அப்படி விதையிலிருந்தும், வெள்ளத்துக்குத் தப்பிய தண்டுத் துண்டுகளிலிருந்தும் வந்தவையாகவே இருக்க வேண்டும்.

ஆனால் வெள்ளம் நன்னீரை மட்டும் கொண்டுவருவதில்லை. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்த வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த பெருக்கையும் நினைவுகூருங்கள். அத்தகைய வெள்ளம் ஓரிடத்துச் சேற்றைச் சுரண்டியெடுத்து, வேறோரிடத்தில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போகும். விரற்கடை ஆழத்தில் உறங்கும் விதை அத்தனை மணலுக்கு அடியிலிருந்து எழுந்துவர இயலாது. அப்படிப்பட்ட ஆண்டுக்குப் பின் செடிகள் அதே இடத்தில் தோன்றாவிட்டால் வியக்க வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி, புதிதாகப் படிந்த மென்சேற்றில் தேடிப் பாருங்கள்.

கழியில் மட்டி பொறுக்கும் பெண் நான். புல் முளைத்த இடத்தில் சேறு அவ்வளவாக நாறுவதில்லை. புல் இல்லாத இடத்தில் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. இது உண்மையா, என் பிரமையா? (தேங்காய்த்திட்டு வாசகி)

பிரமை அன்று. இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். கழிச்சேற்றில் மேலே உள்ள சில மில்லிமீட்டர்களுக்குக் கீழே ஆக்சிஜன் இருப்பதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அதன் விளைவாக ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் பொருள்தான் சேற்றுக்கு அந்தக் கருமையைத் தருகிறது. சல்பைடு செடியின் வேருக்கு நஞ்சு. எனவே கடற்புல், இலையில் உண்டான ஆக்சிஜனைத் தண்டின் உள்ளிருக்கும் காற்றறைகள் வழியாக வேர் வரைக்கும் அனுப்பி, வேரைச் சுற்றிச் சிறிது கசியவும் விடுகிறது. அந்த ஆக்சிஜன் சல்பைடை முறித்துவிடுகிறது. அடுத்த முறை புல்லின் வேரை ஒட்டிய சேற்றைப் பிட்டுப் பாருங்கள்; கருஞ்சேற்றுக்கு நடுவே வேரைச் சுற்றி மெல்லிய செம்பழுப்பு உறை தெரியக்கூடும். அது துருப்பிடித்த இரும்பு.

அரியாங்குப்பம் ஆற்றில் கரையோரம் இடுப்பளவு நீரில் செடிகள் உண்டு. நடு ஆற்றில் வலையை அடிவரை விட்டாலும் ஓர் இலைகூட வருவதில்லை. ஆழத்தில் ஏன் வளர்வதில்லை? மன்னார் வளைகுடாவில் பல மீட்டர் ஆழத்திலும் புல் இருப்பதாகச் சொல்கிறார்களே? (அரியாங்குப்பம் வாசகர்)

ஆழம் என்பது மீட்டரில் அளப்பது. செடிக்கோ அது ஒளியில் அளப்பது. நீரின் மேற்பரப்பில் விழும் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது எட்டினால்தான் கடற்புல் பிழைக்கும். இனத்தைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்குவரை வேண்டியிருக்கும். நீரில் மிதக்கும் நுண்பாசிகளுக்கு நூற்றில் ஒரு பங்கு போதும். புல்லுக்கு இந்தப் பெருஞ்செலவு ஏன் என்றால், சேற்றுக்குள் இருட்டில் கிடக்கும் வேரையும் தண்டையும் இலைதான் ஊட்டி வளர்க்க வேண்டியிருக்கிறது. சம்பாதிப்பது இலை மட்டுமே. அதற்குக் கீழே சம்பாதிக்காத பெரிய குடும்பம்.

மன்னார் வளைகுடாவின் தெளிந்த நீரில் அந்தப் பத்தில் ஒரு பங்கு ஒளி பல மீட்டர் ஆழம்வரை இறங்குகிறது. நம் கழிமுகத்திலோ வண்டலும், நுண்பாசியும், தேயிலைச் சாறு நிறத்தில் வரும் இலைமட்கும் சேர்ந்து அதை ஒரு மீட்டருக்குள் விழுங்கிவிடுகின்றன. உங்கள் ஆற்றில் அந்த எல்லை எங்கே என்பதை நீங்களே அளந்துவிடலாம். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளைத் தட்டொன்றில் எடை கட்டி, கயிற்றில் மெதுவாக இறக்குங்கள். கண்ணுக்குத் தட்டு மறையும் ஆழத்தைக் கயிற்றில் முடிச்சிட்டுக் குறியுங்கள். ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியர் 1865-ல் கையாண்ட முறை இது. இன்றும் ஆய்வாளர்கள் படகில் இந்தத் தட்டு இல்லாமல் கிளம்புவதில்லை. தட்டு மறையும் இடத்தில் மேற்பரப்பு ஒளியில் ஆறில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கும். ஆகவே அந்த ஆழத்தையே, அல்லது அதற்குச் சற்றுக் கீழே வரைக்குமான ஆழத்தையே, புல்லின் எல்லையாகக் கொள்ளலாம். மழைக்காலத்தில் இரண்டு சாண் ஆழத்தில் தட்டு மறைவதை நான் கண்டிருக்கிறேன். அப்படியானால் இடுப்பளவு நீரிலும் செடி பட்டினிதான். தண்டில் சேமித்த மாவுப்பொருளைத் தின்று சில வாரங்களைக் கடத்தும்.

மேல் எல்லையை வகுப்பது வேறொன்று. நம் கடற்கரையில் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கினாலும், அமாவாசை, பௌர்ணமிகளிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் வேறுபாடு. அட்டமியை ஒட்டிய நாள்களில் அதில் பாதியும் இருக்காது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் எட்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் நீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வற்றத்தில் வெயிலில் காயாமலும், ஏற்றத்தில் கலங்கல் நீரின் இருட்டில் மூழ்காமலும் இருக்கும் குறுகிய கரைப்பட்டைதான் நம் கடற்புல்லின் மொத்த ஊர். நடு ஆற்றில் வலைவீசித் தேடினால் கிடைக்காது.

நீருக்குள்ளேயே பூக்கும் என்கிறீர்கள். வண்டும் காற்றும் இல்லாத இடத்தில் மகரந்தம் எப்படிச் சேரும்? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். (புதுச்சேரி ஆசிரியை)

நீரே தூது போகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நிலத்துப் பூக்களின் மகரந்தம் உருண்டையான தூள். கடற்புற்கள் பலவற்றில் அது நீண்ட நூலிழையாக இருக்கும். உருண்டையைவிட நூல் நீரில் அலையும்போது எதிரே நிற்கும் பெண்பூவின் சூலகமுடியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஹாலோஃபைலாவின் மகரந்தம் தனித்தனியே பார்த்தால் நூலன்று. ஆனாலும் மணிகள் சங்கிலிபோல் ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. வண்டை அழைக்க வேண்டியதில்லை என்பதால் நிறமும் மணமும் தேனும் இந்தப் பூக்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே காட்ட விரும்பினால், மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் வாலிஸ்னீரியாவை வளர்த்துப் பாருங்கள். அதன் ஆண்பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே வந்து, நீர்ப்பரப்பில் சிறு ஓடங்களாக மிதந்துசென்று பெண்பூவை அடையும். பொறுமை வேண்டும், பூப்பது நம் கையில் இல்லை.

பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் மடவை மீன்கள் நீர்மேல் வந்து வாயைப் பிளக்கின்றன. வெயில் ஏறியதும் உள்ளே போய்விடுகின்றன. பச்சைப் பாசி மிகுந்த இடத்தில்தான் இப்படி. பாசி ஆக்சிஜன் தருவதாகத்தானே படித்தோம்? (சிங்காரத்தோப்பு வாசகர்)

தருகிறது, வெயில் இருக்கும்வரை. இருட்டிய பின் அதுவும் நம்மைப்போல் ஆக்சிஜனை உட்கொள்கிறது. இரவு முழுதும் எடுத்துக்கொண்டே இருந்தால் விடியலுக்குச் சற்று முன் இருப்பு மிகவும் தாழ்ந்துவிடும். கோடையில் இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. வெப்பமும் உப்பும் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: 30 பாகை செல்சியஸில் நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். அது இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறும். காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் மேற்படலத்தில் மட்டும் சிறிது மிச்சமிருப்பதால் மடவை அங்கே வாயைக் கொண்டுவருகிறது.

பாசி இவ்வளவு பெருகியதற்கு உரம்தான் காரணம். நகரச் சாக்கடை, இறால் குட்டைகளின் கழிவுநீர், வயல்களிலிருந்து வழியும் யூரியா என எது வந்தாலும் அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உல்வா முதலில் வாரிக்கொள்கிறது. வேரைக் கொண்டு சேற்றிலிருந்து மெதுவாக உண்ணும் கடற்புல்லால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது. பாசிப்பாய் மேலே விரிந்து ஒளியை மறைக்க, கீழிருக்கும் புல் மடிகிறது. ஒரு கழிமுகத்தில் புல் போய்ப் பாசி வந்தால் நீரில் உரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பாயை வாரிக் கரையில் போடுவதால் சில நாள் ஆறுதல் கிடைக்கும். ஆனால் அதை நீரோரத்திலேயே குவித்து வைத்தால் அழுகிய சாறு மீண்டும் ஆற்றுக்கே வரும். வாருவதானால் தொலைவில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

ரமலான் மாதத்தில் எங்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவது வழக்கம். வெள்ளாற்றில் கிடைப்பதைப் பறித்துக் காய்ச்சலாமா? (பரங்கிப்பேட்டை வாசகி)

வேண்டாம், அம்மா. நீங்கள் கடையில் வாங்குவது அகர். ராமநாதபுரம் பக்கத்தில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி என்று வழங்கும் சிவப்புப் பாசிகளைக் கொதிக்க வைத்து, வடித்து, உலர்த்தி எடுப்பது. கிராசிலேரியாவின் உறவினங்கள் கழிமுகங்களிலும் வளர்வது உண்மைதான். ஆனால் பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரில் எது இருந்தாலும், ஈயம், காட்மியம் உட்பட, தன் உடலில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. நகரங்களின் கழிவு கலக்கும் ஆற்றில் பறித்ததை நோன்பு திறக்கும் தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மழை முடிந்ததும் கெடிலத்தில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வருகிறது. கழிமுகத்தில் வேரூன்றி நிலைத்துவிடுமா? (தேவனாம்பட்டினம் வாசகர்)

நிலைக்காது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த நன்னீர்ச் செடி, கடலின் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே கருகத் தொடங்கும். மேலே உள்ள ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் வளர்ந்ததை வெள்ளம் அறுத்துக் கொண்டுவருகிறது. அது கழிமுகத்தில் செத்து அழுகும் சில வாரங்களில்தான் தொல்லை. அப்போதும் அடியில் உள்ள செடிகளுக்கு நிழலும், மீன்களுக்கு மூச்சுத்திணறலும் உண்டு.

எங்கள் இளைஞர் மன்றம் வெறும் சேற்றுத் திட்டில் அலையாத்திக் கன்றுகள் நட முடிவு செய்துள்ளது. எந்த இனம் நடலாம், எத்தனை அடி இடைவெளி? (கடலூர் வட்டத்திலிருந்து ஒரு மன்றச் செயலர்)

இடைவெளிக்கு முன், அந்தத் திட்டு உண்மையிலேயே வெறுமையானதா என்று கேட்க விரும்புகிறேன். அமாவாசை வற்றத்தில் அங்கே குனிந்து நடந்து பார்த்தீர்களா? நான் மேலே சொன்ன ஒரு சென்டிமீட்டர் இலைச் செடி அங்கே இருந்தால், உங்கள் நடவு ஒரு தாவரத்தைக் காப்பாற்ற இன்னொன்றை மிதித்து அழிப்பதாகிவிடும். செடியே இல்லாத சேறும் வெறுமையானதன்று. மட்டியும் புழுவும் கழிநண்டும், வலசை வரும் உள்ளான்களும் அதை நம்பியிருக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்திக் காடுகளை மட்டுமல்லாமல் கடற்புல் படுகைகளையும், உயிர்வளமுள்ள சேற்றுத் திட்டுகளையும், உவர்ச் சதுப்புகளையும் ஒரே வகையான உயர் பாதுகாப்பில் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

மேலும், அலையாத்தி இயல்பாக வளரும் மட்டம் கடற்புல்லின் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் நெடுநேரம் காற்று வாங்கினால்தான் அதன் மூச்சுவேர்கள் வேலை செய்யும். பிலிப்பைன்ஸ் நாட்டில் தாழ்ந்த சேற்றுத் திட்டுகளிலும் கடற்புல் படுகைகளிலும் பேரளவில் நட்ட கன்றுகளில் பெரும்பகுதி செத்துப்போயின, புல்லும் கெட்டது. இதற்கு மாறான பாடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரத்தில், முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்கள் தொட்டிபோல் தாழ்ந்து, நீர் தேங்கி, ஆவியாகி, உப்பு முற்றிக் கிடந்தன. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தார்கள். நடவு அதன் பிறகு. நீர் சரியானதால்தான் கன்று பிழைத்தது.

ஆகவே முதலில் அலையாத்தி முன்பு இருந்து அழிந்த இடம் எது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அங்கே நீர் ஏன் போய்வருவதில்லை என்று பாருங்கள். அடைபட்ட ஒரு குழாயைத் திறப்பது ஆயிரம் கன்று நடுவதற்கு ஈடாகலாம். வனத்துறையின் அனுமதி இரண்டுக்குமே வேண்டும். படம் எடுத்துப் போட வாய்க்கால் அவ்வளவு அழகாக இருக்காது என்பது மட்டுமே குறை.

முதுநிலைத் தாவரவியல் மாணவி நான். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் ஒரு கடற்புல் படுகையைப் பதிவுசெய்யும் முறையைச் சொல்வீர்களா? (புதுச்சேரி வாசகி)

ஐம்பது மீட்டர் அளவுநாடாவும், பக்கத்துக்கு அரை மீட்டர் நீளமுள்ள குழாய்ச் சட்டமும், முன்பு சொன்ன வெள்ளைத் தட்டும் போதும். கரையிலிருந்து நீரை நோக்கி நாடாவை நேராக விரித்து, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை விழுக்காடு இடத்தைப் புல் மூடியிருக்கிறது, எத்தனை விழுக்காடு பாசி, அடியில் மணலா சேறா, இலையின் நீளம் என்ன என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். 25 மீட்டர் தள்ளி இன்னொரு கோடு, அதற்கப்பால் மூன்றாவது கோடு. ஒவ்வொரு சட்டத்தையும் நேர் மேலிருந்து படம் எடுத்து வைத்தால், உங்கள் கணிப்பைப் பின்னர் பிறர் சரிபார்க்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கோடுகளில் நடங்கள். ஒரே ஒருமுறை எடுத்த கணக்கு, மேலே தாழங்குடா வாசகருக்குச் சொன்ன காரணத்தால், கழிமுகத்தில் எதையும் நிறுவாது.

இனம் உறுதிப்படாவிட்டால் வேரோடு ஒரே ஒரு செடி எடுத்தால் போதும். நன்னீரில் அலசி, செய்தித்தாளுக்கு இடையே அழுத்தி உலர்த்துங்கள். ஹாலோடூல் இலையாக இருந்தால் நுனியைக் கைவில்லையில் பாருங்கள். மூன்று பல் தெரிந்தால் ஹாலோடூல் யூனிநெர்விஸ், வட்டமாக இருந்தால் ஹாலோடூல் பினிஃபோலியா. முழுகிய செடிகளில் ஐயம் தீராதபோது, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை உங்கள் துறைவழியாக அணுகலாம். ஓத நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும் என்பதைக் கணக்கில் வைத்து, வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்குங்கள். துணைக்கு அந்தக் கழியில் மட்டி பொறுக்குகிறவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சேறு தாங்கும், எது இடுப்புவரை இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும்.